டோக்கியோவில் புதிதாகக் குடியேறும் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

வேலை விசாவிலோ குடும்ப விசாவிலோ டோக்கியோவுக்கு வருபவர்களுக்கான பக்கம் இது. இந்த ஊரில் எதையும் எந்த வரிசையில் செய்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். முகவரி இல்லாமல் போன் இல்லை, போன் இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் சம்பளம் இல்லை. வரிசை தெரிந்து வந்தால் இரண்டு வாரத்தில் காலூன்றிவிடலாம். தெரியாமல் வந்தால் இரண்டு மாதம் இழுக்கும்.

ஊரிலிருந்து எதை எடுத்து வரலாம், எதை எடுத்து வரக் கூடாது?

முதலில் மருந்து. டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்த மருந்தை ஒரு மாத அளவு வரை தனி அனுமதி இல்லாமல் கொண்டு வரலாம். அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே இறக்குமதி உறுதிச் சான்று வாங்க வேண்டும். நம் ஊரில் சாதாரணமாக விற்கும் சில சளி, இருமல் மருந்துகள் இங்கே சிக்கலாகும். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் கோடீன் 1 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் முன் அனுமதி இல்லாமல் கொண்டு வரவே கூடாது. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், செடி, விதை எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் எடுத்து வரக் கூடாது. கருவாடு பரவாயில்லை. ஆனால் இறைச்சி சேர்ந்த ஊறுகாய், தொக்கு, உப்புக்கண்டம் எதுவும் கூடாது.

மிக்ஸி: ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ். நம் ஊர் 230 வோல்ட் மிக்ஸியை அப்படியே செருகினால் தேங்காய்கூட அரைபடாது. மின்னழுத்தத்தை உயர்த்தும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஓடும். 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதன் எடையே பல கிலோ. அதற்குப் பதில் அமெரிக்காவுக்கென்று நம் ஊரில் செய்யும் 110 வோல்ட் மிக்ஸியையும் சின்ன கிரைண்டரையும் வாங்கி வாருங்கள். வேகம் கொஞ்சம் குறையும், ஆனாலும் வருடக்கணக்கில் உழைக்கும். பிளக் இரண்டு தட்டைக் கம்பி வகை. குக்கர் எடுத்து வரலாம். இண்டக்‌ஷன் அடுப்புள்ள வீடாக அமையக்கூடும் என்பதால் இண்டக்‌ஷன் அடிப்பாகம் உள்ளதாகப் பாருங்கள். கேஸ்கெட் இரண்டு கூடுதலாக வையுங்கள், இங்கே அந்த அளவு கிடைக்காது.

திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலும் ஜப்பானிய மொழிபெயர்ப்பும் கையில் இருக்கட்டும். இது ஏன் என்று கீழே வருகிறது.

என் பெயருக்கு இனிஷியல்தான் உண்டு, சர்நேம் கிடையாது. பிரச்சினை வருமா?

வரும். தமிழர்களுக்கு இங்கே முதலில் இடறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஜப்பானில் எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். குடியிருப்பு அட்டையில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள மாதிரியே ஆங்கில எழுத்தில் வரும். வங்கியோ வேறு மாதிரி: உங்கள் கணக்கை அது கதகானா என்ற ஜப்பானிய எழுத்தில் எழுதிய உச்சரிப்பை வைத்தே அடையாளம் காணும். செந்தில் என்ற பெயரை ஒருவர் 'சென்திரு' என்று எழுதுவார், இன்னொருவர் 'சென்ஷிரு' என்பார். அலுவலகத்தில் ஒரு விதமாகவும் வங்கியில் இன்னொரு விதமாகவும் பதிவானால் சம்பளம் கணக்கில் ஏறாமல் திரும்பிப் போகும். அப்பா பெயர் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பதிலும் இதே கதைதான்.

ஆகவே முதல் நாளே உங்கள் பெயருக்கு ஒரே ஒரு கதகானா வடிவத்தை முடிவு செய்யுங்கள். ஜப்பானியர் ஒருவரிடம் கேட்டு எழுதி வாங்கி, அதைப் போனில் படமாக வைத்துக்கொண்டு, வார்டு அலுவலகம், வங்கி, அலுவலகம், காப்பீடு எல்லா இடத்திலும் எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி அதையே எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், வரும் முன்பே நிறுவனத்தின் மனிதவளத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

விமான நிலையத்தில் ஓர் அட்டை தருகிறார்களே, அது எதற்கு?

அதுதான் ஜைர்யூ கார்டு, உங்கள் குடியிருப்பு அட்டை. மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் விசாவில் நரிதாவிலோ ஹனேதாவிலோ இறங்கினால் குடிவரவு மேசையிலேயே கொடுத்துவிடுவார்கள். 16 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். பக்கத்துக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் சரி. போலீஸ் கேட்கும்போது கையில் இல்லாவிட்டால் 2,00,000 யென் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அட்டை இருந்தால் பாஸ்போர்ட்டைச் சுமந்து திரிய வேண்டியதில்லை.

வார்டு அலுவலகத்தில் என்ன செய்ய வேண்டும்?

நகரின் நடுப்பகுதி 23 வார்டுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றும் தனி நகராட்சி மாதிரி. அதன் அலுவலகம் குயாகுஷோ. வீட்டில் குடியேறிய நாளிலிருந்து 14 நாளுக்குள் குடும்பத்தில் எல்லோருடைய ஜைர்யூ கார்டையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போய் முகவரியைப் பதிய வேண்டும். அட்டையின் பின்பக்கம் முகவரியை அச்சிட்டுத் தருவார்கள். 90 நாள் ஆகியும் பதியாவிட்டால் விசாவே ரத்தாகலாம்.

மனைவி, குழந்தை என்ன உறவு என்பதற்குச் சான்றிதழும் அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். ஊரில் விட்டுவிட்டு வந்தால் பதிவேட்டில் உறவு சரியாக ஏறாது. பிறகு குழந்தையின் மருத்துவ அட்டை, உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அலைய வேண்டிவரும்.

அதே நாளில் ஜூமின்ஹ்யோ எனப்படும் குடியிருப்புச் சான்று இரண்டு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். பல வார்டுகளில் ஒன்றுக்கு 300 யென். வங்கியும் அலுவலகமும் கட்டாயம் கேட்கும். நிறுவனக் காப்பீடு இல்லாதவர்கள் தேசிய மருத்துவக் காப்பீட்டையும் பென்ஷனையும் அங்கேயே பதிய வேண்டும். 12 இலக்க மை நம்பர் பிறகு தபாலில் வரும். மை நம்பர் அட்டைக்கு உடனே விண்ணப்பியுங்கள்: 2024 டிசம்பர் 2 முதல் பழைய மருத்துவக் காப்பீட்டு அட்டை புதிதாகத் தரப்படுவதில்லை, அந்த வேலையை இந்த அட்டைதான் செய்கிறது. மை நம்பர் அட்டை இல்லாதவர்களுக்குத் தகுதி உறுதிச் சான்று என்று ஒரு தாள் உண்டு.

போன், வங்கி, வீடு: எதை முதலில் பிடிப்பது?

ஒரு தற்காலிக முகவரி. பல நிறுவனங்கள் முதல் மாதத்துக்குச் சாமான் வைத்த வீடு ஏற்பாடு செய்யும். அந்த முகவரியைப் பதிய ஒப்பந்தத்தில் அனுமதி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். அனுமதி இருந்தால் மறுநாளே குயாகுஷோ, அடுத்து எண்ணுடன் கூடிய சிம், அதற்கடுத்து வங்கி.

விமான நிலையத்தில் வாங்கும் டேட்டா சிம்மில் பேசும் எண் இருக்காது. அதை வைத்து வங்கிக் கணக்கு திறக்க முடியாது. பல வங்கிகள் நாட்டுக்கு வந்து 6 மாதம் ஆகட்டும் என்று திருப்பி அனுப்பும். நிறுவனத்தின் பணிச் சான்றுடன் போனால் நடக்கும் வங்கிகளும் உண்டு. எது என்று உங்கள் மனிதவளத் துறைக்குத் தெரியும். கணக்கு திறக்கும் வரை இந்திய அட்டையில் பணம் எடுக்க செவன்-லெவன் கடை ஏடிஎம் கைகொடுக்கும். இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், ஓடிபி வராவிட்டால் ஊர்ப் பணத்தைத் தொடவே முடியாது.

முதல் சம்பளம் அடுத்த மாதம் 25-ம் தேதிதான் என்று பல இடங்களில் சொல்வார்கள். அதுவரைக்கும் கையில் காசு வேண்டும்.

வாடகை 1,20,000 யென் என்றார்கள். நுழையவே 6 லட்சம் கேட்கிறார்களே?

ஏமாற்று இல்லை, இங்கே வழக்கம் அப்படி. பிரித்துப் பார்த்தால் ஏறக்குறைய இப்படி வரும்: ஷிகிகின் எனப்படும் டெபாசிட் ஒரு மாதம், 1,20,000. ரெய்கின், அதாவது வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம், ஒரு மாதம், 1,20,000. இது திரும்பி வராது. தரகர் கூலி ஒரு மாதமும் 10 சதவீத வரியும், 1,32,000. ஜாமீன் நிறுவனத்துக்குப் பாதி மாதம், 60,000. முதல் மாத வாடகை 1,20,000. தீக் காப்பீடு சுமார் 20,000. பூட்டு மாற்ற சுமார் 20,000. கூட்டினால் 5,92,000. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இன்னொரு மாத வாடகை.

குறைக்க நல்ல வழி யூஆர் எனப்படும் பொதுத்துறைக் குடியிருப்புகள். ரெய்கின் இல்லை, தரகர் இல்லை, ஜாமீன் இல்லை, புதுப்பிப்புக் கட்டணம் இல்லை. இரண்டு மாத டெபாசிட்டும் முதல் வாடகையும் போதும். வெளிநாட்டவர் என்று தனியாக யோசிக்க மாட்டார்கள். வருமான வரம்பு மட்டும் உண்டு: இந்த வாடகைக்குக் குடும்பமாகத் தங்க மாத வருமானம் 3,30,000 யென் காட்ட வேண்டும். தனியார் வீடுகளில் "வெளிநாட்டவருக்கு இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். அது வலிக்கத்தான் செய்யும். அதற்காக மனம் தளர வேண்டாம், யூஆர் அலுவலகத்துக்கு நேரே போங்கள்.

வீட்டு விளம்பரத்தில் 1கே என்றால் ஓர் அறையும் சின்ன அடுப்படியும். 1எல்டிகே என்றால் ஒரு படுக்கையறை, ஒரு கூடம், அதோடு சேர்ந்த சமையலறை. அறையின் அளவை ஜோ, அதாவது தத்தாமிப் பாய்க் கணக்கில் சொல்வார்கள். ஒரு பாய் சுமார் 1.6 சதுர மீட்டர். 6 ஜோ அறை என்றால் பத்துச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

ஏன் எல்லோரும் நிஷி-கசாய் என்கிறார்கள்?

எதோகாவா வார்டில் உள்ள இந்தப் பகுதியிலிருந்து தோசாய் தடத்தில் ஏறினால் ஓதேமாச்சி, கயாபாச்சோ போன்ற வங்கி, நிதி நிறுவனப் பகுதிகளுக்கு மாறாமல் போய்விடலாம், 20 நிமிடத்துக்குள். பெரிய யூஆர் குடியிருப்புகளும் பக்கத்திலேயே. 2000-ஐ ஒட்டி இந்திய மென்பொருள்காரர்கள் நிறைய வந்தபோது இந்த இரண்டும் சேர்ந்து அவர்களை இங்கே இழுத்தன. மளிகைக் கடை, கோயில், பள்ளி வண்டி எல்லாம் பின்னால் வந்தவை.

இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, தோசாய் தடத்தில் கைசோக்கு எனப்படும் விரைவு ரயில் நிஷி-கசாயிலும் கசாயிலும் நிற்காது. மாலையில் அசதியில் வந்த வண்டியில் ஏறினால் தோயோசோவைத் தாண்டி நேரே உராயாசுவில் போய் இறங்குவீர்கள். ஏறும் முன் பலகையைப் பாருங்கள். இரண்டு, எதோகாவா வார்டின் சுமார் 70 சதவீத நிலம் கடல் ஏற்ற மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வார்டு தரும் வெள்ள அபாய வரைபடத்தை வாங்கி, முடிந்தால் மேல்மாடி வீடாக எடுங்கள்.

சாவி கிடைத்தது. உள்ளே போனால் விளக்குகூட இல்லையே?

ஆமாம், வெறும் வீடுதான். அறைகளில் பெரும்பாலும் கூரையில் ஒரு மாட்டும் சாக்கெட் மட்டும் இருக்கும். விளக்கு, திரைச்சீலை, அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் நீங்கள் வாங்க வேண்டும். பகலிலேயே குடியேறுங்கள், முதல் நாளே ஒரு கூரை விளக்கு வாங்கிவிடுங்கள்.

மின்சாரமும் தண்ணீரும் இணையத்தில் விண்ணப்பித்தால் வந்துவிடும். கேஸுக்கு மட்டும் ஆள் நேரில் வந்து, உங்களை வைத்துக்கொண்டுதான் திறப்பார். மார்ச் கடைசியில் ஊரே வீடு மாறும் சமயம் என்பதால் உடனே நேரம் கிடைக்காது. ஒரு வாரம் முன்பே பதியுங்கள். இல்லாவிட்டால் குளிரில் வெந்நீர் இல்லாமல் இருக்க வேண்டும்.

அடுப்பு வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். வீட்டுக்குக் குழாய் கேஸா சிலிண்டர் கேஸா என்று கேளுங்கள். டோக்கியோவில் பெரும்பாலும் குழாய் கேஸ், அதற்கான அடுப்பில் 12ஏ, 13ஏ என்று ஒட்டியிருக்கும். எல்பி என்று ஒட்டியது சிலிண்டருக்கானது. மாற்றிப் பொருத்துவது ஆபத்து. அடுத்து, இரண்டு பர்னரில் ஒன்று மட்டும் பெரிய தீ உடையது. அது சுவரை ஒட்டாத பக்கம் வரும் மாடலாக எடுங்கள். கடைசியாக, 9.5 மில்லிமீட்டர் ரப்பர் குழாயும் கிளிப்பும் தனியாக விற்பார்கள், மறக்க வேண்டாம்.

30 ஆம்பியர் இணைப்பு என்றால் ஒரே நேரத்தில் 3000 வாட். ஏசி, மைக்ரோவேவ், ரைஸ் குக்கர் மூன்றையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும்.

கேஸ் திடீரென்று வரவில்லை. யாரைக் கூப்பிடுவது?

கேஸ் வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், மின்விசிறியைக்கூட. ஜன்னலைத் திறந்து, வெளியே போய் கேஸ் நிறுவனத்துக்கு போன் செய்யுங்கள்.

வாடை இல்லை என்றால் பெரும்பாலும் நீங்களே சரிசெய்துவிடலாம். மீட்டருக்குள் ஒரு சின்னக் கணினி இருக்கிறது. நில அதிர்வு 5 அளவுக்கு வந்தாலோ, கேஸ் வெகுநேரம் இடைவிடாமல் ஓடினாலோ அது தானாக அடைத்துவிடும். இட்லிக்கும் சாம்பாருக்கும் நெடுநேரம் அடுப்பு எரியும் நம் வீடுகளில் இது நடக்கிறது. அடுக்குமாடியில் மீட்டர் வாசல் கதவுக்குப் பக்கத்தில் உள்ள இரும்புக் கதவுக்குள் இருக்கும். சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். வீட்டில் எல்லா கேஸ் சாதனத்தையும் அணைத்துவிட்டு, மீட்டரில் உள்ள கறுப்பு மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பொத்தானை ஆழமாக அழுத்தி மெதுவாக விடுங்கள். மூடியைத் திரும்ப மாட்டி 3 நிமிடம் எதையும் தொடாமல் காத்திருங்கள். எங்கேயாவது கசிகிறதா என்று மீட்டர் சோதிக்கும் நேரம் அது. விளக்கு நின்றால் அடுப்பைப் பற்ற வைக்கலாம். நடுவில் யாராவது வெந்நீரைத் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்துதான்.

குப்பையை எப்படிப் பிரிப்பது? பக்கத்து வீட்டுக்காரர் முறைக்கிறார்.

குயாகுஷோவில் தரும் அட்டவணையை ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். பெரும்பாலான வார்டுகளில் எரியும் குப்பை வாரம் இரண்டு நாள், எரியாதது மாதம் இரண்டு நாள், பாட்டிலும் காகிதமும் வாரம் ஒரு நாள். பிளாஸ்டிக்கில் வார்டுக்கு வார்டு வித்தியாசம் உண்டு. அந்தந்த நாள் காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும். முந்தின ராத்திரி வைத்தால் விடியலில் காகம் கிழித்துத் தெருவெல்லாம் இறைத்துவிடும். அதனால்தான் பை மேல் வலை போடச் சொல்கிறார்கள்.

தண்ணீர் பாட்டிலின் மூடியையும் உறையையும் கழற்றி, அலசி, நசுக்கிப் போட வேண்டும். சமையல் கழிவை நன்றாக வடியவிட்டுக் கட்டுங்கள். வடை சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும், கீழ்வீட்டில் தண்ணீர் ஏறும். நூறு யென் கடையில் எண்ணெயை உறைய வைக்கும் பொடி கிடைக்கும், அல்லது பழைய துணியில் உறிஞ்சவிட்டு எரியும் குப்பையில் போடலாம்.

ஒரு பக்கம் 30 செ.மீ.க்கு மேல் உள்ள எதுவும் சோதாய் கோமி, பெரிய குப்பை. முன்பதிவு செய்து, கடையில் 200 யென், 300 யென் ஒட்டுத்தாள் வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, ஏசி இந்த நான்கையும் வார்டு எடுக்காது. 2001-ல் வந்த மறுசுழற்சிச் சட்டப்படி கடைக்காரர் வழியாகக் காசு கொடுத்துத்தான் அகற்ற வேண்டும். ஓசியில் கிடைக்கிறதே என்று பழைய ஃபிரிட்ஜை வாங்குபவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தப்பாக வைத்த பையை ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டி விட்டுவிட்டுப் போவார்கள். அதை அன்றே உள்ளே எடுத்துவிடுங்கள். முறைப்பு அதோடு நின்றுவிடும்.

இவ்வளவு சுத்தமான தெருவில் குப்பைத்தொட்டியே இல்லையே?

1995-ல் சுரங்க ரயிலில் நடந்த சாரின் விஷவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பொது இடத் தொட்டிகள் பலவற்றை எடுத்துவிட்டார்கள். பையில் ஒரு சின்னக் கவர் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குக் கொண்டு வந்து பிரித்துப் போடலாம்.

தெருவுக்குப் பெயரே இல்லை. வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இங்கே பெயரும் எண்ணும் தெருவுக்கு இல்லை, தெருக்களுக்கு நடுவில் இருக்கும் நிலத் துண்டுக்குத்தான். 3-12-5 என்றால் மூன்றாவது சோமே என்ற பகுதி, அதில் 12-ம் துண்டு, அதில் 5-ம் கட்டடம். 11-க்குப் பக்கத்தில் 12 இருக்கும் என்று தெருவோடு நடந்தால் தவறிவிடும். மின்கம்பத்திலும் சுவரிலும் உள்ள சின்னப் பலகையைப் பாருங்கள்.

தபால் பெட்டியில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுவது முக்கியம். பெயர் இல்லாத பெட்டியிலிருந்து கடிதம் திரும்பிப் போய்விடும், வங்கி அட்டையும் அப்படித்தான். நீங்கள் வீட்டில் இல்லாதபோது பதிவுத் தபால் வந்தால் ஒரு சீட்டு விட்டுப் போவார்கள். அதில் உள்ள குறியீட்டைப் போனில் படம் பிடித்து மறுநாள் நேரம் குறிக்கலாம்.

ரயிலில் எதைக் கவனிக்க வேண்டும்?

சுயிக்கா அல்லது பாஸ்மோ அட்டை ஒன்று போதும், எல்லா ரயிலுக்கும் பேருந்துக்கும் கடைக்கும் ஆகும். ஐபோனிலேயே சுயிக்கா ஏற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் அதற்கான சிப் இல்லை; அட்டையாக வாங்குங்கள். சுரங்க ரயிலை இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன: டோக்கியோ மெட்ரோ 9 தடம், தோயெய் 4 தடம். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறினால் இரண்டு கட்டணம், சின்னத் தள்ளுபடியோடு. ஐந்து நிமிடம் கூடுதலானாலும் ஒரே நிறுவனத்தின் தடத்தில் போவது மாதக் கணக்கில் மிச்சம்.

அலுவலகத்துக்கு தெய்கி என்ற சீசன் அட்டை 1, 3, 6 மாதத்துக்கு எடுக்கலாம். பல நிறுவனங்கள் பணம் தந்துவிடும். நள்ளிரவை ஒட்டி ரயில் நின்றுவிட்டால் காலை 5 மணி வாக்கில்தான் மறுபடி ஓடும். டாக்சிக்கு அழ வேண்டாம் என்றால் கடைசி ரயில் நேரத்தை மனப்பாடம் செய்யுங்கள். யாரையாவது சந்திக்கப் போனால் ஸ்டேஷன் பெயரோடு வாசல் எண்ணையும் கேளுங்கள். ஷின்ஜுகுவில் தப்பான வாசலில் ஏறினால் கால் மணி நேரம் நடக்க வேண்டும்.

ஒருவரும் பேச மாட்டேன் என்கிறார்களே. நம்மைப் பிடிக்கவில்லையா?

முதல் மாதத்தில் மனதை அழுத்துவது இதுதான். நூறு பேர் நிற்கும் பெட்டியில் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். இங்கே அமைதி என்பது பக்கத்தில் நிற்பவருக்குச் செய்யும் மரியாதை. ரயிலில் போன் பேசுவதில்லை. மெல்லிய சுவர்கள் என்பதால் இரவு 9 மணிக்கு மேல் மிக்ஸியும் வாஷிங் மெஷினும் ஓட்டுவதில்லை.

"சுமிமாசென்" என்று ஒரு வார்த்தை சொல்லி வழி கேட்டுப் பாருங்கள். பலர் வேலையை விட்டுவிட்டு வாசல் வரை கூட வருவார்கள். குடியேறிய வாரத்தில் இரண்டு பக்கத்து வீடு, மேல்வீடு, கீழ்வீட்டுக்கு 500 யென் பெறுமானமுள்ள துண்டோ பிஸ்கட்டோ கொடுத்து வணக்கம் சொல்வது பழைய வழக்கம். இப்போது குறைந்துவிட்டது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நாங்கள் அழுத்திச் சொல்கிறோம்: செய்யுங்கள். முகம் தெரிந்த குழந்தை ஓடும் சத்தம் யாருக்கும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

கறித்துண்டு கண்ணில் படாது என்பதுதான் சிக்கல். தாஷி என்ற அடிச்சாறு பெரும்பாலும் காய்ந்த கட்சுவோ மீனில் செய்தது. மிசோ சூப், உதோன் நூடுல்ஸ், காய்கறிக் கூட்டு எல்லாவற்றிலும் அது இருக்கும். கடையில் விற்கும் ஜப்பானியக் குழம்பு மசாலாக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்பு, சில ரொட்டிகளில் பன்றிக் கொழுப்பு, சிப்ஸில் கோழிப் பொடி. லேபிளில் ஒவ்வாமைப் பட்டியலை மட்டும் பார்ப்பது போதாது. பன்றி, மாடு, ஜெலட்டின் அங்கே கட்டாயப் பட்டியலில் இல்லை. முழுப் பொருட்பட்டியலையும் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் படியுங்கள். உணவகத்தில் "நிகு தோ சகானா வா தாபேமாசென், தாஷி மோ தாபேமாசென்" என்று சொல்லுங்கள்: இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன், தாஷியும் சாப்பிட மாட்டேன். தோஃபு, சோயா பால் தைரியமாக வாங்கலாம். நாத்தோ என்ற புளித்த சோயாவும் வாங்கலாம், கூட வரும் சாஸில் பெரும்பாலும் தாஷி இருக்கும் என்பதால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். பருப்பும் மசாலாவும் நிஷி-கசாய், ஒகாச்சிமாச்சி, ஷின்-ஓகுபோ கடைகளில் கிடைக்கும்.

குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறதே?

ஜனவரியில் வீட்டுக்குள்ளேயே 10 டிகிரிக்குக் கீழே போகும், மாவு எப்படிப் பொங்கும்? ஓவனுடன் கூடிய மைக்ரோவேவ் பலவற்றில் ஹக்கோ என்ற பொத்தான் உண்டு, ரொட்டி மாவு புளிக்க வைக்கத் தந்தது. 30 அல்லது 35 டிகிரியில் வையுங்கள். சில மாடல்களில் ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம்தான் ஓடும். அணைந்த பிறகும் கதவைத் திறக்காமல் விட்டு, இரண்டு மூன்று தடவை ஓட்டினால் காலையில் மாவு எழும்பியிருக்கும். ரைஸ் குக்கரின் சூடு காக்கும் நிலையில் வைக்காதீர்கள். 60, 70 டிகிரியில் கிருமி செத்து மாவு வெந்துவிடும்.

சுவரில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை படிகிறது.

குளிரில் சமையல் ஆவியும் உள்ளே காயப்போட்ட துணியின் ஈரமும் ஜன்னல் கண்ணாடியில் நீராக வழியும். அது சுவருக்கு இறங்கினால் பூஞ்சை. 2003-க்குப் பின் கட்டிய வீடுகளில் 24 மணி நேரமும் ஓட வேண்டிய காற்றோட்ட விசிறி உண்டு. சத்தம் என்றோ கரண்ட் செலவு என்றோ அதை நிறுத்தாதீர்கள். காலையில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, எதிரெதிர் ஜன்னலைப் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். ஜூன் மழைக்காலத்துக்கும் இதுவே.

நிலம் ஆடினால்?

ஆடும், பழகிவிடும். ஜப்பானில் அந்தந்த இடத்தில் எவ்வளவு ஆடியது என்பதை ஷிந்தோ என்று 0 முதல் 7 வரை சொல்வார்கள். 3 என்றால் விளக்கு ஊசலாடும். 2011 மார்ச் 11 அன்று டோக்கியோ நடுப்பகுதியில் 5-வலுவானது. 1981 ஜூனுக்குப் பிந்தைய கட்டட விதிப்படி கட்டிய வீடா என்று வாடகைக்கு எடுக்கும்போதே கேளுங்கள்.

ஆடும்போது வெளியே ஓடாதீர்கள். மேசைக்கு அடியில் தலையை மறைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைக்கப் பாய வேண்டாம், மீட்டர் பார்த்துக்கொள்ளும். நின்றதும் வாசல் கதவைத் திறந்து வையுங்கள், சட்டம் கோணினால் பிறகு திறக்காது. பால்கனியில் பக்கத்து வீட்டுக்கு நடுவே உள்ள மெல்லிய பலகை, நெருப்பு வந்தால் உதைத்து உடைத்துக்கொண்டு போவதற்கானது. அதன் முன்னால் அரிசி மூட்டையும் சைக்கிளும் அடுக்காதீர்கள்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் தண்ணீர், குறைந்தது மூன்று நாளுக்கு. நால்வர் குடும்பத்துக்கு 36 லிட்டர்; இரண்டு லிட்டர் பாட்டில் ஆறு கொண்ட பெட்டி மூன்று. உயரமான அலமாரியைச் சுவரோடு பிணையுங்கள். போன் கிடைக்காதபோது 171 என்ற எண்ணில் குரல் செய்தி விடலாம்.

உடம்பு சரியில்லை என்றால் எங்கே போவது?

காய்ச்சல், சளிக்குப் பக்கத்து கிளினிக். நேரே பெரிய மருத்துவமனைக்குப் போனால், பரிந்துரைக் கடிதம் இல்லாததால் முதல் தடவை 7,000 யென்னுக்குக் குறையாமல் தனிக் கட்டணம். காப்பீடு இருந்தால் செலவில் 30 சதவீதம் உங்களுடையது. 23 வார்டுகளில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பீட்டுச் சிகிச்சை இலவசம், அதற்கு வார்டில் தனி மருத்துவச் சான்று வாங்கியிருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் 119, கட்டணம் கிடையாது. கூப்பிடுவதா வேண்டாமா என்று தயக்கமாக இருந்தால் ஹேஷ் 7119. போலீஸ் 110. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கிளினிக்குகள் இருக்காது. சில, வியாழக்கிழமையும் இருக்காது.

பிள்ளைகளின் பள்ளி?

சிபிஎஸ்இ வேண்டுமென்றால் 2004-ல் தொடங்கிய இந்தியா இன்டர்நேஷனல் ஸ்கூலும் 2006-ல் வந்த குளோபல் இந்தியன் பள்ளியும் உண்டு. வார்டு பள்ளியில் கட்டணம் இல்லை, புத்தகமும் இலவசம்; சின்னக் குழந்தை ஒரு வருடத்தில் ஜப்பானிய மொழி பேசிவிடும். மதிய உணவில் மீனும் இறைச்சியும் இருக்கும், வீட்டுச் சாப்பாடு கொடுத்துவிட ஆசிரியரிடம் முன்பே பேசுங்கள். ஏப்ரலில் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்க முந்தின நவம்பர், டிசம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டாம் வருடம் ஜூனில் சம்பளம் குறைந்துவிட்டது. ஏன்?

குடியிருப்பு வரி. ஜனவரி 1 அன்று இங்கே வசிப்பவர், முந்தின வருட வருமானத்தில் சுமார் 10 சதவீதம் ஜூன் முதல் கட்ட வேண்டும். 2025 ஏப்ரலில் வந்தவருக்கு 2026 மே வரை பிடித்தமே இல்லை. 2026 ஜூனில் ஒன்பது மாத வருமானத்துக்கு வரி வரும், 2027 ஜூனில் முழு வருடத்துக்கும். முதல் வருடச் சம்பளத்தை நம்பி ஊரில் கடன் தவணை போட்டவர்கள் இதில்தான் திணறுகிறார்கள். ஜனவரி 1-க்குப் பிறகு நாடு திரும்பினாலும் அந்த வருட வரி பாக்கி உங்களுடையதே.

ஊரில் உள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணத்தை வைத்து வரி குறைக்கலாம். அதற்கு அப்பாவுக்குத் தனியாக, அம்மாவுக்குத் தனியாக, அவரவர் கணக்குக்கு அனுப்பிய ரசீது வேண்டும். 30 முதல் 69 வயது வரை உள்ளவர் என்றால், 2023 முதல், ஆளுக்கு வருடம் 3,80,000 யென்னாவது அனுப்பியிருக்க வேண்டும். மாணவர், மாற்றுத்திறனாளிக்கு விதிவிலக்கு உண்டு. மொத்தமாக ஒருவர் கணக்குக்கு அனுப்பினால் ஒருவருக்குத்தான் கழிவு.

வீட்டைக் காலி செய்யும்போது டெபாசிட் முழுதாகத் திரும்புமா?

தனியார் வீட்டுக்கு வழக்கமாக ஒரு மாதம் முன்பும், யூஆருக்கு 14 நாள் முன்பும் சொல்ல வேண்டும். வெயிலில் சுவர்க் காகிதம் வெளுத்தது, ஃபிரிட்ஜ் அடித் தடம் போன்ற சாதாரணத் தேய்மானம் வீட்டுக்காரர் பொறுப்பு. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்திய சிவில் சட்டம் அதைத் தெளிவாக்கிவிட்டது. பூஞ்சை, ஆணித் துளை, தாளிப்பு எண்ணெய் படிந்த சுவர்க் காகிதம் உங்கள் கணக்கில் வரும். அடுப்பைச் சுற்றி அலுமினியத் தகடு நிறுத்தி, புகைபோக்கி வடிகட்டியை மாதம் ஒரு முறை மாற்றினால் பெரும்பகுதி தப்பும். வந்த முதல் நாள், சாமான் இறக்கும் முன்பே, ஒவ்வொரு சுவரையும், தரையையும், குளியலறை மூலையையும் தேதி தெரியப் படம் எடுத்துப் பராமரிப்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே இருந்த கீறலுக்கு உங்களிடம் காசு கேட்டால் அந்த மின்னஞ்சலைக் காட்டலாம்.